அக்காவின் தலைக்கு மேலே

லாண்ட்ரிக்கார அக்கா எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், யார் முகத்தையும் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை அண்ணாந்து கூரையைப் பார்ப்பாள். விவரம் தெரியாதவர்கள், ஒட்டடையைத்தான் பார்க்கிறாள் என்று கூசிப்போய், "இந்த வாரம் அடிச்சிடணும்" என்று தாங்களாகவே சமாதானம் சொல்வார்கள். அக்கா சிரித்து மழுப்பிவிடுவாள். சுவரோரமாக நாற்காலி கிடந்தால் அதில்தான் உட்காருவாள். கூடத்தின் நடுவில் உட்கார வைத்தால் அவளுக்குக் காபிகூடத் தொண்டையில் இறங்காது.

இது பிறவியில் வந்த பழக்கமில்லை. ஒரு சாயங்காலம் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனது.

அவள் யாருக்கு அக்கா என்று கேட்டால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. உண்மையில் அவள் ஒரே ஒருத்தனுக்குத்தான் அக்கா. அம்மா கண்ணை மூடியபோது அவன் இடுப்பில் இருந்த பிள்ளை. அவளே அப்போது பள்ளிக்கூடப் பையைக் கீழே வைக்காத வயசு. பையைக் கீழே வைத்தாள், தம்பியைத் தூக்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவன் நாள் முழுக்க "அக்கா, அக்கா" என்று கத்தியதைக் கேட்டுக் கேட்டுத் தெருவும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டது. தலை நரைத்த வக்கீல்கூடக் கடை வாசலில் நின்று, "அக்கா, என் கோட்டு ரெடியா?" என்பார். அவரைவிட இருபது வயது சின்னவளான அக்கா, "இதோ தம்பி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

எதையும் வாய்விட்டுக் கேட்கிற ரகமில்லை அவள். பசித்தால்கூட, "நீங்க சாப்பிடலையா?" என்று அடுத்தவரைத்தான் கேட்பாள். தன் ஆயுளில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டவை மூன்றே மூன்றுதான். மூன்றும் கேட்ட மாத்திரத்தில் கிடைத்தன. அதில் ஏதாவது ஒன்று கிடைக்காமல் போயிருக்கக் கூடாதா என்று பிற்பாடு அவள் தலையணை நனைய அழுதிருக்கிறாள்.

முதலாவது, ஒரு தூண்.

கல்யாணமான புதிதில் அவளும் வீட்டுக்காரரும் ஒரு பழைய நூல் கிடங்கின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து லாண்ட்ரி போட்டார்கள். மாடியில் நூல் மூட்டைகள். மாடிக்குப் பலகைத் தரை. கீழே அந்தத் தரையைத் தாங்கிக்கொண்டு கடையின் நட்டநடுவில் ஓர் இரும்புத் தூண், அழையாத விருந்தாளி மாதிரி வழியை மறித்து நின்றது. தொழில் பெருகியது. ஹோட்டல் துணி, ஆஸ்பத்திரித் துணி என்று மலையாகக் குவிந்தது. பெரிய சலவை மெஷின் ஒன்று பாதி விலைக்கு வந்தபோது, வைக்க இடமில்லாமல் தூண் இடித்தது. "இந்தத் தூண் மட்டும் இல்லேன்னா எவ்வளவு நல்லாருக்கும்" என்று அக்கா பெருமூச்சு விட்டாள். வாடகை வாங்க வந்த கட்டடக்காரர் காதில் அது விழுந்தது. தங்கமான மனுஷர். அடுத்த வாரமே கொத்தனாரைக் கூட்டி வந்து, குறுக்கே ஓர் இரும்பு உத்திரம் கொடுத்து, தூணை அறுத்து எடுத்துப் போட்டார். கொத்தனார் உத்திரத்தைச் சுத்தியலால் தட்டி, "மேல யானையே வந்து நின்னாலும் தாங்கும்" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. யானை நின்றால் தாங்கியிருக்கும்.

பிறகு நூல் வியாபாரம் நொடித்தது, மூட்டைகள் போயின, மாடி காலியானது. வருஷக்கணக்கில் அங்கே புறாக்கள் மட்டும் குடியிருந்தன. தலைக்கு மேல் எந்தச் சத்தமும் இல்லாமல் அக்கா இஸ்திரி போட்டாள். தூண் நின்ற இடத்தில் பெரிய மெஷின் வயிற்றைப் பிசைந்துகொண்டு சுற்றியது. எல்லோரும் தூணை மறந்தார்கள்.

இரண்டாவது ஆசைக்குத் தம்பியின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

தம்பிக்குத் தெருவில் சக்கரம் என்று பெயர். நிற்கத் தெரியாத பிள்ளை. பல் தேய்க்கும்போதுகூடக் கால் தாளம் போடும். படித்து முடித்ததும் அக்கா யார் யார் காலையோ பிடித்து அவனை ஓர் ஆபீஸில் சேர்த்துவிட்டாள். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, வேலையை விட்டுவிட்டு வந்து, ஆடப் போகிறேன் என்றான். அன்று அக்கா வாசலை மறித்து நின்று சொன்ன வார்த்தையை அவளே பிறகு ஆயிரம் தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள்: "நிறுத்துடா. இதோட நிறுத்து." அவன் ஒற்றைப் பையோடு அவளைச் சுற்றிக்கொண்டு வெளியே போனான். போனவன் போனவன்தான். அவன் வயசுப் பையன்களின் சட்டைகள் வெளுக்க வரும்போதெல்லாம், காலரைத் தேய்க்கிற சாக்கில் அக்கா தலையைக் குனிந்துகொள்வாள்.

வருஷங்கள் கழித்து ஒரு நாள் கடை மேசையில் அழுக்குச் சட்டை ஒன்று வந்து விழுந்தது. "வெளுத்துத் தருவீங்களா?" என்று ஒரு குரல். சட்டையைப் பார்த்தபடியே டோக்கனை எடுத்த அக்கா, குரல் உறைத்ததும் டோக்கனைக் கீழே போட்டாள். தாடியும் மீசையுமாக, வற்றிப்போய், கூச்சத்தோடு சிரித்துக்கொண்டு நின்றான் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. அன்று இரவு அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே அக்கா தனக்குள் ஒரு சத்தியம் செய்தாள். இனி செத்தாலும் இவனைப் பார்த்து 'நிறுத்து' என்று சொல்ல மாட்டேன்.

வீட்டுக்காரர் காதில் இதை அவள் போட்டபோது அவர் தலையைச் சொறிந்தார். "சக்கரத்துக்கு இருந்த ஒரே பிரேக்கு நீதான். அதையும் கழட்டிட்டியா? இனிமே அது எங்க போய் நிக்குதோ." மச்சான் மேல் அவருக்கும் கொள்ளைப் பிரியம்தான். ஆனால் எதையும் கிண்டலாகச் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

போன இடத்தில் தம்பி கற்றுக்கொண்டு வந்த ஆட்டத்துக்கு ஹவுஸ் என்று பெயர். அவன் அதை விளக்கும்போது கண் பளபளக்கும். நடுவில் அடிக்கிற அடி இதயத் துடிப்பு மாதிரி நிற்காமல் போகும்; அதன் மேல் ஆழமான பெண் குரல், பழைய பியானோ, உருகி உருகி ஒரு பாட்டு. ஜோடி வேண்டாம், மேடை வேண்டாம், உடுப்பு வேண்டாம். "யாரையும் பாத்து ஆடுறதில்லக்கா இது. அவங்கவங்க உடம்புக்கு என்ன தோணுதோ அதை ஆடுறது. அதனாலதான் மனசுல இருக்கிறதெல்லாம் இறங்குது" என்பான். மாதம் ஒரு சனிக்கிழமை, பொழுது சாய்ந்ததும் ஜனங்கள் வந்து மனசு லேசாக ஆடிவிட்டுப் போக ஒரு கிளப் நடத்த வேண்டும், அதுதான் அவன் கனவு. இடம்தான் கிடைக்கவில்லை. இதுவும் சரிப்படாவிட்டால் மறுபடி கிளம்பிவிடுவதாகத் தன் சிநேகிதனிடம் அவன் சொன்னது அக்கா காதில் விழுந்தது.

மறுநாளே கட்டடக்காரரிடம் போய் நின்றாள். மாடியை என் தம்பிக்குக் கொடுங்கள் என்றாள். தங்கமான மனுஷர் என்று சொன்னேனே, சாவியைக் கையிலேயே கொடுத்துவிட்டார்.

புறாக்களை விரட்டி, சுவருக்குக் கறுப்படித்து, மங்கலான மஞ்சள் விளக்குகளைத் தொங்கவிட்டார்கள். பாட்டுப் போட வந்தவன் தம்பியின் அந்தச் சிநேகிதன். ரெக்கார்டு சுற்றும்போது அதன் ஊசிக்கு என்ன ஆகுமோ என்று எந்நேரமும் பதறுவதால் அவனுக்கு ஊசி என்றே பெயர். முதல் சனிக்கிழமையே அவன் பதறியது நடந்துவிட்டது. ஜனங்கள் ஆட ஆட, ரெக்கார்டு மேல் ஊசி துள்ளித் துள்ளி விழுந்தது. பாட்டு விக்கல் எடுத்தது.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஊசி துள்ளுவதை நிறுத்துவதுதான் பெரிய கவலை. ஏன் துள்ளுகிறது என்பது அவர்கள் கவலையில் சேராது. மேசைக்கு அடியில் ஸ்பாஞ்சு வைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. ஊசிதான் ஒரு யோசனை சொன்னான். மேசையின் நாலு காலையும் தரையிலிருந்து தூக்கிவிட்டு, கூரை உத்திரத்திலிருந்து கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். தரை என்ன ஆட்டம் போட்டாலும் அது ஊசியை எட்டாது. அடுத்த சனிக்கிழமை ஒரு விக்கல்கூட இல்லை. ஊசியை எல்லோரும் தோளில் தட்டினார்கள். அந்தக் கட்டடம் சேதி சொல்ல வைத்திருந்த ஒரே வாயையும் அன்றைக்கு அப்படிக் கட்டிப் போட்டார்கள்.

கீழே அக்கா அந்தச் சனிக்கிழமைகளில் கடையைச் சீக்கிரம் அடைக்க மாட்டாள். வேலை இருக்கிறது என்பாள். பொய். மேலேயிருந்து கசிந்து வருகிற அந்தப் பெண் குரலைக் கேட்டுக்கொண்டே இஸ்திரி போடுவாள். கடைக் கூரையில் மாட்டிய நீளக் கம்பியில், பிளாஸ்டிக் உறை போட்ட சட்டைகளும் கோட்டுகளும் வரிசையாகத் தொங்கும். மேலே ஆட்டம் சூடு பிடித்தால் உறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சலசலக்கும், இலைகள் மாதிரி. அக்காவுக்கு அது பிடித்திருந்தது. தானும் ஒருநாள் மேலே போய் ஆட வேண்டும் என்று ஐம்பதை நெருங்குகிற அந்தப் பெண்ணுக்கு ஆசை வந்தது. ஒரு தடவை படியேறிப் போயும் பார்த்தாள். எல்லோரும் அவரவர் பாட்டுக்கு ஆட, கால் எப்படி வைப்பதென்று தெரியாமல் சுவரோடு சுவராக நின்றுவிட்டுத் திரும்பினாள். அவளைப் போலவே சுவரை ஒட்டிப் புதிதாக வந்தவர்கள் நிறையப் பேர் நின்றார்கள். அவர்கள் அடுத்த மாதம் வர மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆள் குறைந்தால் கிளப் படுத்துவிடும். கிளப் படுத்தால் தம்பி கிளம்பிவிடுவான்.

அப்போதுதான் அக்கா மூன்றாவதைக் கேட்டாள். "புதுசா வர்றவங்களுக்கு முதல்ல கொஞ்ச நேரம் ஒரு கிளாஸ் மாதிரி சொல்லிக் குடேன்டா. எல்லாரையும் நிக்க வச்சு, ஒண்ணா, ஒரே மாதிரி அடி வைக்கச் சொல்லு. பயம் தெளிஞ்சிடும். நானும் வர்றேன்."

தம்பி அவளைக் கட்டிக்கொண்டான். அக்கா தன் ஆட்டத்தைக் கற்றுக்கொடு என்று கேட்பாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

அதற்கு நடுவில் சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் நடந்தன. கறுப்புக் கோட்டுகளின் தோளில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. சோப்புத்தூள் சரியாக அலசவில்லை என்று அக்கா வீட்டுக்காரரைக் கடிந்துகொண்டாள். பின்பக்கக் கதவு சாத்த முடியாமல் இறுகிப்போனது. மழையில் மரம் ஊதிவிட்டது என்று அவர் அதைச் சீவினார். மழை பெய்து வெகு நாளாகியிருந்தது. இருவருமே அதை யோசிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்தது. புதியவர்களுக்கு வகுப்பு, கட்டணமில்லை, யாரும் வரலாம் என்று தம்பி தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தான். வெயில் தாழ்வதற்குள் படிக்கட்டு நிரம்பியது. காய்கறிக்காரி வந்தாள், ஆஸ்பத்திரி நர்சுகள் கூட்டமாக வந்தார்கள், நரைத்த வக்கீல்கூட வெள்ளைக் கேன்வாஸ் ஷூவோடு வந்து, "மூட்டு வலிக்கு நல்லதாமே?" என்று விசாரித்துவிட்டு மேலே போனார். முன்வரிசையில் அக்காவுக்கென்று ஓர் இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டுத் தம்பி வைத்திருந்தான். அக்கா நல்ல உடுப்பு உடுத்தித் தயாராகத்தான் இருந்தாள். கடைசி நேரத்தில் ஓர் அவசரக் கோட்டு வந்து சேர்ந்தது. "இதை மட்டும் முடிச்சிட்டுப் போறேன்" என்றாள்.

மேலே பாட்டு தொடங்கியது. தம்பியின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. நெஞ்சிலிருந்து இடுப்புக்கு ஓர் அலை, கூடவே முழங்காலை மடக்கி ஓர் அமுக்கு, அதற்கு ஜாக் என்று பெயர், இந்த ஆட்டத்துக்கே அதுதான் அடிப்படை, எல்லோரும் என்னோடு சேர்ந்து என்றான். அடி விழுந்தது. அத்தனை காலும் ஒன்றாக விழுந்தன.

அக்கா கோட்டை ஹாங்கரில் மாட்டிக் கம்பியில் தொங்கவிட்டுத் திரும்பினாள். ஏதோ பார்வையை இழுத்தது. மறுபடி திரும்பிப் பார்த்தாள்.

கம்பியில் தொங்கிய துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. அதில் புதுமை இல்லை. ஆனால் இன்று இலைகள் மாதிரி ஆடவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லாச் சட்டையும் ஒரே நேரத்தில் முன்னால் வந்தன, ஒரே நேரத்தில் பின்னால் போயின. தலையில்லாத மனிதர்கள் வரிசையாக நின்று ஒரே அடி வைப்பது போல.

வீட்டுக்காரரும் பார்த்துவிட்டார். "பாத்தியா, சட்டைங்களும் உன் தம்பி கிளாஸ்ல சேந்துடுச்சு" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. தலைக்கு மேலே, பெரிய மெஷினுக்கு நேர் மேலே, கனத்த ஆள் புரண்டு படுத்தால் கட்டில் முனகுமே, அப்படி ஒரு முனகல் கேட்டது. அடிக்கு ஒரு முனகல். இரும்பு உத்திரம் சுவரில் நுழைகிற இடத்திலிருந்து வெள்ளைப் பொடி மெல்லிய கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது.

சோப்புத்தூள் இல்லை. எந்த நாளும் அது சோப்புத்தூளாக இருந்ததில்லை. அக்காவின் கண் உத்திரத்திலிருந்து இறங்கி, மெஷின் நிற்கிற இடத்தில் வந்து நின்றது. தான் பெருமூச்சு விட்டு அப்புறப்படுத்திய தூண் இருந்த இடம்.

மெயின் சுவிட்சு கடைச் சுவரில்தான் இருந்தது. கை அதற்குப் போய்விட்டது. கீழே இழுத்தால் பாட்டு நிற்கும், ஆட்டம் நிற்கும். கூடவே விளக்கும் போகும். இருட்டில், மாடி நிறைய ஜனம், இறங்க ஒரே ஒரு குறுகல் படி. ஒருத்தர் அலறினால் போதும். அக்கா கையைச் சுடுபட்டவள் போல எடுத்துக்கொண்டாள்.

"என்னங்க, வெளிய போங்க. உள்ள நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். படி ஏறும்போது கைப்பிடி உள்ளங்கையில் துடித்தது.

மேலே எல்லார் முகத்திலும் சந்தோஷம். நர்சுகள் சிரித்துச் சிரித்து வியர்த்திருந்தார்கள். சுவரோடு நிற்க யாருமே இல்லை. அவள் ஆசைப்பட்டது அப்படியே நடந்திருந்தது. வாசலில் அவளைக் கண்டதும் தம்பியின் முகம் மலர்ந்ததே, அந்த மலர்ச்சியை எப்படிச் சொல்ல. "எங்க அக்கா வந்துட்டாங்க. இந்தக் கிளாஸே அவங்க கேட்டதுதான்" என்று ஒலிபெருக்கியில் சொன்னான். கூட்டம் கைதட்டியபடி வழி விட்டது. கால்கள் மட்டும் நிற்கவில்லை. அடி, அடி, அடி.

சுண்ணாம்பு வட்டத்தை நோக்கி அக்கா நடந்தாள். பிள்ளைகள் குதிக்கிற கட்டிலில் நடப்பது போல இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் தரை அவளைக் கீழே விட்டுப் பிறகு மேலே ஏந்தியது. ஊசி நின்றிருந்த பக்கம் பார்த்தாள். கயிற்றில் தொங்கிய அவன் மேசை மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தது. கயிறு தளர்ந்துவிட்டதா? அதன் பின்னால் சுவரில் ஜன்னல் இருந்தது. ஜன்னலும் மேசையோடு சேர்ந்து மேலும் கீழும் போனது. சுவர் எப்படி ஆடும்?

அவளுக்கு விளங்கிவிட்டது.

வட்டத்துக்குள் போய் நின்றாள். தம்பி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷம் அவள் ஏங்கிய பிடி அது. சொன்னால் இந்தக் கை விடுபட்டுவிடும். இந்தத் தடவை போனால் திரும்பி வர மாட்டான்.

"நிறுத்துடா" என்றாள்.

அவன் முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்தது. கால் தாளத்தை விடவில்லை, கை மட்டும் தளர்ந்தது. மைக்கைக் கீழே இறக்கி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "இவ்வளவு வருஷம் கழிச்சும் அதே வார்த்தைதானாக்கா?"

"ஊசியோட மேசையைப் பாரு. ஜன்னலைப் பாரு. அதுங்க ஆடல. நாமதான் ஆடுறோம்."

அவன் பார்த்தான். எந்நேரமும் ஓயாத அந்தக் கால்கள் முதல் தடவையாக நின்றன. ஆனால் ஒருவன் நின்று என்ன? தரை நிற்கவில்லை.

கூட்டத்தை அறிந்தவன் அவன். கத்தினால் ஓடுவார்கள், ஓடினால் படியில் நசுங்குவார்கள். ஊசியைப் பார்த்து, கழுத்தை அறுப்பது போல விரலைக் காட்டினான். அடி மெல்ல மெல்லத் தேய்ந்து, பெண் குரல் மட்டும் மிஞ்சியது. பிறகு சிரித்தபடியே, குரல் நடுங்காமல் சொன்னான். "இனிமே யாரும் யாரோடயும் சேர வேணாம். அவங்கவங்க ஆட்டம், மெதுவா. நடுவுல நிக்கிறவங்க சுவருக்கு வாங்க. சுவரைத் தொட்டுக்கிட்டே, ஒவ்வொருத்தரா, படி வழியா தெருவுக்கு. மிச்சத்தைத் தெருவுல ஆடுவோம்."

விளையாட்டு என்று நினைத்தார்கள். சிரித்துக்கொண்டும், கையை அசைத்துக்கொண்டும், தப்பும் தவறுமாக ஆடிக்கொண்டும் இறங்கினார்கள். வக்கீல் படியில் நின்று ஒரு சுற்றுச் சுற்றியபோது, அவர் முதுகில் கையை வைத்துத் தள்ளாமல் தள்ள அக்கா பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஊசி ரெக்கார்டுப் பெட்டியைத் தூக்கக் குனிந்தான். தம்பி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டான். கடைசியாகத் தம்பி இறங்கினான்.

தெருவில் நல்ல வெளிச்சம் மிச்சமிருந்தது. வீட்டுக்காரர் எதிர்ப்புறம் நின்றிருந்தார், கையில் அந்த அவசரக் கோட்டு. ஜனங்கள் நின்றார்கள், காத்திருந்தார்கள். மேலே ரெக்கார்டு தன் பாட்டுக்குச் சுற்றி, அந்தப் பெண் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தாள். கட்டடம் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் நின்றது. ஒன்றுமே ஆகவில்லை.

கொஞ்ச நேரத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இதற்குத்தான் வரச் சொன்னார்களா என்றார் ஒருவர். காய்கறிக்காரி கிளம்பியே விட்டாள். தம்பி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணால் பார்த்ததே இப்போது அவனுக்குச் சந்தேகமாகிவிட்டது.

"பலகைத் தரைன்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும்" என்றான். "என் ஆட்டம் புடிக்கலன்னா நேராவே சொல்லியிருக்கலாமேக்கா. இன்னிக்கு, இத்தனை பேருக்கு நடுவுல சொல்லியிருக்க வேணாம்."

அவன் ஊசியின் பெட்டியை எடுத்து வரப் படியை நோக்கிப் போனான். பெட்டியை எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். முந்திக்கொண்டு ஓடிப் போய் முதல் படியில் உட்கார்ந்துவிட்டாள், இரண்டு கையையும் இரண்டு பக்கச் சுவரில் ஊன்றிக்கொண்டு.

"எழுந்திருக்கா."

"மாட்டேன்."

"எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். ஒரு தடவை வாசல்ல நின்னு நிறுத்துன்னு சொன்னேன், நீ சுத்திக்கிட்டுப் போயிட்ட. இன்னிக்குச் சுத்திப் போக வழி இல்ல. என்னை மிதிச்சுக்கிட்டுப் போ."

அவன் நின்றான். தூக்கிய கால் அவள் தோளுக்கு நேரே அந்தரத்தில் நின்றது. அப்போது வீட்டுக்காரர், கிண்டலே இல்லாத ஒரு குரலில், "இந்தாங்க, கடையைப் பாருங்க" என்றார்.

கண்ணாடி வழியே கடை தெரிந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேலே ஆள் இல்லை, அடி இல்லை. கம்பியில் துணிகள் ஆடாமல் நேராகத் தொங்கின. பிறகு ஓரத்தில் இருந்த ஒரு சட்டை, யாரோ தள்ளியது போல, கம்பியில் வழுக்கிக்கொண்டு நடுவுக்குப் போனது. அதன் பின்னால் இன்னொன்று. இரண்டு கோடியிலிருந்தும் சட்டைகளும் கோட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், தூண் நின்ற இடத்தை நோக்கி நகர்ந்து ஒன்றோடொன்று நெருங்கிக்கொண்டன. கம்பி நடுவில் தொய்ந்துகொண்டிருந்தது.

தம்பி அக்காவின் அக்குளில் கையைக் கொடுத்து, அவளைக் குழந்தை போலத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் பாய்ந்தான்.

சத்தத்தை விவரிக்க அங்கே இருந்த யாராலும் முடியவில்லை. சத்தத்துக்குப் பிறகு வந்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். வெள்ளைப் புழுதி அடங்க அடங்க, ஜன்னல் வழியே மாடி தெரிந்தது. தரை இல்லை. தரை இருந்த பள்ளத்துக்கு மேலே, நாலு கயிற்றில், ஊசியின் மேசை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. ரெக்கார்டு சுற்றிக்கொண்டிருந்தது. மின்சாரம் போகும்வரை அந்தப் பெண் பாடினாள். ஒரு விக்கல்கூட இல்லை.

அன்று யாரும் சாகவில்லை. பெரிய மெஷின் மட்டும் தகரமாக மடங்கிக் கிடந்தது. விசாரிக்க வந்தவர்களிடம் தூணைப் பற்றி அக்கா தானே முன்வந்து சொன்னாள். கட்டடக்காரர் தன் பங்கைச் சொன்னார். கொத்தனாரைத் தேடிப் பார்த்தார்கள், அவர் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தார்.

கடை போனது, கிளப் போனது. தம்பி போகவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் வெறும் மண் மைதானத்தில் சாயங்காலங்களில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். அந்தச் சனிக்கிழமை பற்றி அக்காவும் அவனும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வகுப்பு நன்றாகச் சூடு பிடித்திருக்கும்போது, எல்லோரும் ஒரே அடியில் விழத் தொடங்கியதும், காரணமே இல்லாமல் கையைத் தூக்கி நிறுத்துவான். எல்லோரும் நின்று அவனைப் பார்ப்பார்கள். அவன் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "சரி, இனி அவங்கவங்க ஆட்டம்" என்பான்.

அக்கா வேறு தெருவில், மேலே மாடி இல்லாத ஒற்றைத் தகரக் கொட்டகையில் லாண்ட்ரி வைத்திருக்கிறாள். அங்கேயும் ஒரு கம்பி, வரிசையாகச் சட்டைகள். தலைக்கு மேலே தகரமும் வானமும்தான். அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் தெருவில் கனத்த வண்டி போகும்போது, உறை போட்ட சட்டைகள் மெல்ல ஒன்றாக அசையும். அக்கா இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்து போவாள். வண்டி போய்விட்டது, இப்போது நின்றுவிடும் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவள் காதில் வாங்க மாட்டாள். வரிசையின் நடுவில் தொங்குகிற சட்டையின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, அதன் அசைவு அடங்கும்வரை அப்படியே நிற்பாள்.